சுவரில் ஓதம், கூரையில் ஒழுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: தரைத்தள வீடு. இடுப்பு உயரம் வரை பெயின்ட் உப்பி உதிர்கிறது. வெள்ளையாகப் பொடி பூக்கிறது. பட்டி பார்த்துப் புதிதாக அடித்தும் ஒரே வருடத்தில் பழைய கதைதான்.

ப: நிலத்து ஈரம் செங்கல் வழியாக ஏறுகிறது. ஈரம் காய்ந்துவிடும், அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு சுவரில் தங்கிவிடும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட, நாமும் வாசலில் மண் நிரப்பிக்கொண்டே வந்திருப்போம். அஸ்திவாரத்தின் மேல் போட்ட ஈரத்தடுப்புப் பூச்சு (டி.பி.சி.) அந்த மண்ணுக்குள் புதைந்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. முதலில் மண்ணை வெட்டி இறக்குங்கள். ஈரம் தெரியும் உயரத்துக்கு ஒன்றரை அடி மேலே வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கலை நன்றாகக் காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அகற்றுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். ஈர நிறம் மாறாத சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் காசு வீண். இதைச் சொல்லாமல் பெயின்டை மட்டும் விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

கே: குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம். குழாய் உடைந்திருக்குமோ?

ப: டைல்ஸை உடைக்கும் முன் ஒரு சோதனை. இரவில் மோட்டார் போடாமல், குழாய்களையெல்லாம் மூடி, மாடித் தொட்டியில் நீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. ஃபிளஷ் தொட்டியையும் பார்த்துவிடுங்கள். இறங்கவில்லையா? டைல்ஸ் இடுக்குகளையும் நஹானி டிராப்பின் (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) சுற்றுப்புறத்தையும் சந்தேகியுங்கள்.

கே: சீலிங் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசினால் போதுமா?

ப: போதாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட்டை வெடிக்க வைப்பது அந்த அழுத்தம்தான். மேலே பூசி மறைத்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கம்பி மெலிந்திருந்தால் கட்டாயம் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அதன் கீழே கட்டில் வேண்டாம். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும் இடத்தையும், தட்டோட்டு (மாடித் தளத்தில் பதித்த ஓடு) இணைப்புகளையும், மழைநீர்க் குழாயின் வாயையும் சரிசெய்யாமல் கீழே கை வைக்காதீர்கள்.

கே: வெள்ளம் வடிந்துவிட்டது. மெயினைப் போடலாமா?

ப: வேண்டாம். பிளக் பாயின்ட் முங்கியிருந்தால், மின்பணியாளர் மெக்கர் கருவியால் (ஒயர் உறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று காட்டுவது) ஒயரிங்கைச் சோதித்து, எர்த்தையும் பார்த்துச் சொல்லும் வரை தொடாதீர்கள்.