கூடத்தில் உட்கார்ந்து எழுதியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து நாவலாசிரியை மார்கரெட் ஆலிஃபன்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஏறத்தாழ நூறு நாவல்கள்! காசுக்காக இப்படி எழுதிக் குவிக்காமல் நிதானமாகப் பத்து நாவல் மட்டும் எழுதியிருந்தால், அதே காலத்துப் பெரிய நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டுக்கு நிகராக நின்றிருப்பார் அல்லவா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பத்து நாவலை எழுதி முடிக்கும்வரை வீட்டில் உலை கொதிப்பது எப்படி? 1859இல் ரோம் நகரில் கணவர் காசநோயால் இறந்தபோது மார்கரெட்டுக்கு வயது 31. கையில் இரண்டு குழந்தைகள், வயிற்றில் ஒன்று, சுமார் ஆயிரம் பவுண்டு கடன். பிறகு, நொடித்துப்போன அண்ணனின் குடும்பமும் அவர் தலையில் விழுந்தது.

தன்வரலாற்றில் ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறார். எடின்பரோவில் பிளாக்வுட் பதிப்பகச் சகோதரர்களிடம் போய், தொடர்கதை எழுதித் தருவதாகக் கேட்கிறார். அன்பாகத்தான் மறுத்தார்கள். வீடு திரும்பி, முகத்தில் எதையும் காட்டாமல், மிச்சப் பொழுதெல்லாம் பிள்ளைகளோடு விளையாடுகிறார். அவர்கள் தூங்கியதும் எழுத உட்காருகிறார். கார்லிங்ஃபர்ட் என்ற கற்பனை ஊரில் நடக்கும் கதை வரிசையின் முதல் கதை அன்றிரவு பிறந்தது. இன்றும் அவர் பெயர் நிற்பது பெரும்பாலும் அந்த வரிசையால்தான்.

எழுதுவதற்கென்று தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை என்று அறுபது வயதில் எழுதினார். வீட்டுப் பெண்கள் புழங்கும் கூடத்தில்தான் எல்லாம் நடந்தது.

அவசரம் அவருடைய பல நாவல்களைக் கெடுத்தது உண்மை. அன்றைய நாவல் வழக்கப்படி மூன்று பாகம் வர வேண்டும் என்பதற்காக இழுத்த பக்கங்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் 'ஹெஸ்டர்' (1883) படித்துப் பாருங்கள். மூழ்கவிருந்த குடும்ப வங்கியைக் காப்பாற்றிய கேதரின், ஏழை உறவினர்களுக்கு வீடு கொடுத்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்துகொண்டே அவர்கள் அவளைப் பழிக்கிறார்கள். ஊரையே தாங்கும் ஒருத்தியின் அந்தச் சலிப்பு, நிதானமாகப் பத்து நாவல் எழுதும் வாழ்க்கையில் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

உங்கள் கேள்வியை அவரே கேட்டுக்கொண்டார். எலியட்டின் வாழ்க்கை வரலாற்றைப் படித்த பிறகு, தன்னையும் அப்படிக் கண்ணாடிக் குடிலில் செடி வளர்ப்பதுபோல் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேனோ என்று.

1894இல் கடைசிப் பிள்ளையும் போனான். தனியாகிவிட்டேன், இனி எழுத முடியாது என்று தன்வரலாற்றை நிறுத்திவிட்டார். ஆனாலும் 1897இல் இறக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை. கடைசியாக அவர் உழைத்த பெரிய நூல், அன்று அவரை வெறுங்கையோடு அனுப்பிய அதே பிளாக்வுட் பதிப்பகத்தின் வரலாறு.