வேலணைக் காணியில் பொருத்து வீடு: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில், மின் இணைப்பு எடுக்காமல், இருவருக்கென 40 சதுர மீற்றர் இரும்புப் பொருத்து வீடு (ஆயத்தப் பாகங்களைப் பொருத்திக் கட்டுவது) அமைக்க எத்தனை சூரியப்படல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிணறு கோடையில் உவராகிவிடும் என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

தீவகத்தின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. வெயில் இலவசம்தானே என்று நாள் முழுவதும் இறைத்தால் உவர்தான் மேலேறி வரும். கூரையை நம்புங்கள். 1 சதுர மீற்றரில் விழும் 1 மில்லிமீற்றர் மழை 1 லீற்றர் என்பதால், உங்கள் 40 சதுர மீற்றர்க் கூரையில் மாரிக்கு 600 மில்லிமீற்றர் பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டாலே 19,200 லீற்றர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால், எட்டு மாதத்துக்கு 5,000 லீற்றர்த் தாங்கி போதும். காக எச்சம் கழுவப்படும்வரை முதல் மழைநீரை வெளியே விட்டுவிடுங்கள். மலக்குழியின் அடியையும் கட்டாயம் மூடிக் கட்டுங்கள். நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது கிணற்றுக்கு அனுப்பிவிடும்.

2016இல் வடக்கு, கிழக்குக்கென 65,000 பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டபோது வெக்கையும் துருவுமே பெரிய முறைப்பாடுகளாக எழுந்தன. எங்கள் வளவுக் கொட்டிலில் தகடு நன்றாயிருக்க, ஆணித்தலைகளைச் சுற்றியே துரு வட்டமிட்டது. ஆகவே துருப்பிடிக்காத ஆணிகளையே கேளுங்கள், வெக்கைக்குக் கூரையின் கீழே கிடுகுத் தட்டியும் கட்டுங்கள்.

சிறிய குளிர்சாதனப் பெட்டி, இரு மின்விசிறி, விளக்குகளுக்கு 1.5 கிலோவாற் படலும், மாரி முகிலைத் தாங்க 5 அலகு (கிலோவாற் மணி) லித்தியம் மின்கலமும் போதும்.