பெயரெச்சத்தை ஆங்கிலத்தில் எழுதுவது: கேள்வி பதில்

கேள்வி: 'நான் உட்கார்ந்த நாற்காலி' என்பதற்கு 'த சேர் ஐ சாட்' என்று எழுதினால் ஏன் தவறு?

பதில்: 'ஆன்' விட்டுப்போயிற்று. 'நாற்காலியில் உட்கார்ந்தேன்' என்பது 'உட்கார்ந்த நாற்காலி' ஆனதும் 'இல்' உருபு மறைந்துவிடுகிறது, பார்த்தீர்களா? 'உட்கார்ந்த' போல ஒரு பெயரைக் கொண்டு முடியும் எச்சவினைதான் பெயரெச்சம். நன்னூல் அது கொள்ளும் பெயர்களாக ஆறைச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். 'எழுதிய கடிதம்', 'எழுதிய பேனா' இரண்டுக்கும் நமக்கு ஒரே வடிவம்தான். உறவைப் பொருளால் உணர்ந்துகொள்கிறோம். எவ்வளவு அழகான சிக்கனம்! ஆங்கிலத்தில் அது செல்லாது. கடிதம் 'த லெட்டர் ஐ ரோட்'. பேனாவோ 'த பென் ஐ ரோட் வித்'. முதலில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'ஐ சாட் ஆன் த சேர்'. அதில் 'த சேர்' மட்டும் முன்னால் வரட்டும், 'ஆன்' இருந்த இடத்திலேயே நிற்கட்டும். காலப்பெயருக்குச் சலுகை உண்டு: 'த டே ஐ கேம்' சரியே.

கேள்வி: 'த புக் விச் ஐ பாட் இட்'?

பதில்: 'இட்' வேண்டாம். அந்த வேலையை 'விச்' செய்துவிட்டது.

கேள்வி: 'ஹூ' எப்போது விடலாம்?

பதில்: அடுத்து வரும் வினைக்கு வேறு எழுவாய் இருந்தால் விடலாம்: 'த மேன் ஐ மெட்'. 'ஹூ'வே எழுவாய் என்றால் விடக்கூடாது: 'த மேன் ஹூ கேம் யெஸ்டர்டே'.

கேள்வி: 'ஹூ' வரும் இடத்திலெல்லாம் 'இங்' போட்டுச் சுருக்கலாமா?

பதில்: கூடாது. 'த மேன் ஸ்டீலிங் மை பேக் வாஸ் காட்' என்றால் திருடிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டான் என்று படும். 'திருடிய', 'திருடுகிற' என்று நம் எச்சம் காலம் காட்டும். 'இங்' தானாகக் காலம் காட்டாது. முடிந்த செயலுக்கு 'ஹூ ஸ்டோல்' என்றே எழுதுங்கள். பை திருட்டுப்போனதைச் சொல்ல 'த பேக் ஸ்டோலன் யெஸ்டர்டே' போதும். 'சம்ஒன்' போன்ற பிரதிப்பெயருக்கும் 'இங்' தொடர் பின்னால்தான் வரும்: 'சம்ஒன் ஸ்டாண்டிங் அவுட்சைட்'.

கேள்வி: 'வாக்கிங் டவுன் த ரோட், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்பதில் என்ன பிழை?

பதில்: மழை நடந்து போனதாக ஆகிவிட்டது. 'நடக்கும்போது மழை வந்தது' என்பதில் எழுவாய் மாறினாலும் தமிழ் ஏற்கும். ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்து 'இங்' தொடர் அடுத்து வரும் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்' என்று எழுவாயைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'ஹூ' தொடருக்குக் கால்புள்ளி எப்போது வேண்டும்?

பதில்: எந்த ஆள் என்று பிரித்துக் காட்டும் தொடருக்கு வேண்டாம். ஒரே அண்ணன்தான் என்றால் 'மை பிரதர், ஹூ டீச்சஸ் மேத்ஸ்,' என இருபுறமும் வேண்டும். அங்கே 'ஹூ'வுக்குப் பதில் 'தட்' வராது.