திரையில் தெரியும் விலைக்கு வீடு போகுமா?

வீட்டு விலையைக் கணித்துச் சொல்லும் இணையதளங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: வீட்டை விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. முகவரியைப் போட்டதும் இணையதளம் ஒரு தொகையைக் காட்டியது. பிழை சுமார் 7 சதவீதம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் என் வீட்டு விலை அதிலிருந்து 7 சதவீதத்துக்கு மேல் விலகாது என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்த 7 சதவீதம் உச்ச வரம்பு அல்ல, இடைநிலைப் பிழை. கணித்த வீடுகளையெல்லாம் பிழையின் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் வீட்டுக்கான பிழை அது. பாதி வீடுகளுக்கு அதைவிடக் குறைவு, மறுபாதிக்கு அதிகம். எவ்வளவு அதிகம் என்று அந்த எண் சொல்லாது. 10 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். 5, 10, 20 சதவீதத்துக்குள் எத்தனை வீடுகள் அடங்கின என்ற அட்டவணையைச் சில தளங்கள் வெளியிடுகின்றன. அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ஸில்லோ தளம் இரண்டு பிழை அளவுகளைத் தருகிறது: விற்பனைக்கு வந்த வீடுகளுக்கு ஏறத்தாழ 2 சதவீதம், வராத வீடுகளுக்கு ஏறத்தாழ 7 சதவீதம். விற்பனைக்கு வந்தவுடன் உரிமையாளர் கேட்கும் விலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கேட்கும் விலை பெரும்பாலும் விற்கும் விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே அந்த 2 சதவீதத் துல்லியத்தில் பெரும் பங்கு, விலையைச் சொன்ன மனிதருடையது. விற்காமல் வைத்திருக்கும் உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது எண்தான். அதே நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016-ல் சியாட்டிலில் தம் வீட்டை விற்றபோது, கிடைத்த விலை அவருடைய தளமே காட்டிய மதிப்பைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

கேள்வி: சமையலறை, குளியலறை இரண்டையும் புதுப்பித்தேன். கணிப்பு அசையவே இல்லை. அதே மாதம் காரணமே இல்லாமல் 4 சதவீதம் இறங்கியது. ஏன்?

பதில்: கணினி உங்கள் வீட்டுக்குள் வந்து பார்ப்பதில்லை. அது படிப்பது பதிவேடுகளை: பரப்பளவு, அறைகள், கட்டிய ஆண்டு, வரி விவரம், சுற்றுவட்டாரத்தில் அண்மையில் விற்ற விலைகள். கூரை ஒழுகுவதும் தெரியாது, புதிய சமையலறையும் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு மலிவாகப் போயிருந்தாலோ, தளம் தன் கணக்கிடும் முறையை மாற்றியிருந்தாலோ உங்கள் எண் இறங்கும்.

பதிவேட்டில் இருக்கும் விவரம் தவறாக இருந்தால் அதைத் திருத்துவது பயன் தரும். பல தளங்கள் உரிமையாளர் தம் வீட்டு விவரத்தைத் திருத்த அனுமதிக்கின்றன. முதலில் பரப்பளவைப் பாருங்கள். சுவரின் உள்ளளவா, வெளியளவா, பொதுவழியைச் சேர்த்த அளவா என்ற குழப்பம்தான் அடிக்கடி வரும் தவறு. பிறகு படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு. அரசுப் பதிவேட்டிலேயே தவறு இருந்தால் அங்கேயும் திருத்துங்கள். இல்லாவிட்டால் தளம் அடுத்த முறை பழைய விவரத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும். அனுமதியின்றி அடைத்த பால்கனியை அறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்குபவரின் மதிப்பீட்டாளர் அளந்து பார்த்துக் கழித்துவிடுவார்.

கேள்வி: இரண்டு தளங்கள் இரண்டு விலை காட்டுகின்றன. சராசரி எடுக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டும் பெரும்பாலும் ஒரே பதிவேடுகளிலிருந்து படிப்பவை. பரப்பளவு தவறாக இருந்தால் இரண்டிலும் தவறுதான். எண்கள் ஏன் விலகுகின்றன என்று பாருங்கள், விவரங்களில் ஏதோ ஒன்று வேறாக இருக்கும். தளம் ஒரு வீச்சையும் (குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று) காட்டினால், நடுவில் உள்ள எண்ணைவிட அந்த வீச்சுக்கே மதிப்பு அதிகம். வீச்சு அகலமாக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய விற்பனை இல்லை என்று அர்த்தம். ஒரே மாதிரி அடுக்குமாடி வீடுகள் அடிக்கடி கைமாறும் இடத்தில் கணிப்பு நன்றாக வரும். தனிப்பாணியில் கட்டிய வீடு, பெரிய மனை, விற்ற விலையைப் பொதுவில் வெளியிடாத பகுதி ஆகியவற்றில் தடுமாறும்.

கேள்வி: அப்படியானால் நானே எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: கடந்த 6 மாதத்தில், உங்கள் வட்டாரத்திலேயே, உங்களுடையதைப் போன்ற 3 முதல் 5 வீடுகள் என்ன விலைக்கு விற்றன என்று எடுங்கள். கேட்ட விலை வேண்டாம், விற்ற விலை மட்டும். பரப்பளவு 15 சதவீதத்துக்கு மேல் வேறுபடாமல் இருப்பது நல்லது. எளிமைக்காக விலையை 100 ஒட்டிய எண்களாக வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு 104-க்கு விற்றது. உங்களிடம் இல்லாத கார் ஷெட் அதில் உண்டு. அந்த வட்டாரத்தில் ஷெட்டின் மதிப்பு 3. எனவே 3-ஐக் கழித்தால் 101. இரண்டாவது வீடு 95. உங்களைவிட ஒரு குளியலறை குறைவு, அதன் மதிப்பு 4. கூட்டினால் 99. எப்போதும் விற்ற வீட்டின் விலையைத்தான் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அதில் அதிகம் இருந்தால் கழிக்க, குறைவாக இருந்தால் கூட்ட. பலர் இதைத் தலைகீழாகச் செய்து தவறுகிறார்கள்.

மூன்றாவது வீடு 98-க்கு விற்றது, 1,350 சதுர அடி. உங்களுடையது 1,500. சதுர அடிக்கான சராசரி விலையால் பெருக்கினால் ஏறத்தாழ 11 கூட்டத் தோன்றும். அது மிக அதிகம். ஒரு வீட்டின் விலையில் மனையும், சமையலறையும், குழாய் வசதியும் அடங்கியிருக்கின்றன. கூடுதலாக வரும் 150 சதுர அடி அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. சராசரி விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். 4 கூட்டினால் 102.

ஆக, 99-க்கும் 102-க்கும் நடுவில். எதற்குக் குறைவாகக் கூட்டிக் கழித்தீர்களோ அதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். தளம் 115 என்று காட்டினால் அதன் விவரங்களில் எங்கோ தவறு இருக்க வாய்ப்பு அதிகம். புதுப்பிக்கச் செலவழித்த பணத்தை அப்படியே விலையில் ஏற்றாதீர்கள். அதே வேலை செய்த வீடு எவ்வளவு கூடுதலாகப் போனது என்பதே அளவு.

கேள்வி: காப்பீட்டுக்கு இணையதள விலையைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் மனையின் விலையும் சேர்ந்திருக்கிறது. தீ பிடித்தால் மனை எரியாது. காப்பீட்டுக்குத் தேவை மறுகட்டுமானச் செலவு, இடிபாடு அகற்றும் செலவையும் சேர்த்து. மனை விலை குறைவான இடத்தில் அது விற்பனை விலையைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஒரு நிறுவனம் முகவரியைப் பார்த்தே உடனடியாக வாங்குவதாகத் தொகை சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்: இத்தகைய வியாபாரத்தில் ஒரு வலை இருக்கிறது. கணிப்பு மிகையாக வந்த வீட்டுக்காரர்கள் உடனே சம்மதிப்பார்கள்; குறைவாக வந்தவர்கள் மறுப்பார்கள். இப்படி வாங்குபவர் கையில் அதிக விலை கொடுத்த வீடுகளே சேரும். 2018-ல் வீடுகளை நேரடியாக வாங்கத் தொடங்கிய ஸில்லோ, விலையின் போக்கைப் போதுமான அளவு கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. அந்த இழப்பைத் தவிர்க்கவே நிறுவனங்கள் முதல் தொகையைப் பிறகு குறைக்கின்றன. வீட்டை நேரில் ஆய்வு செய்த பின் பழுதுக்காக எவ்வளவு பிடிப்பார்கள், சேவைக் கட்டணம் எவ்வளவு, பதிவுச் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவற்றைக் கழித்துக் கையில் நிற்கும் தொகையை, மேலே சொன்ன முறையில் நீங்கள் போட்ட விலையிலிருந்து தரகுக் கட்டணத்தைக் கழித்து வரும் தொகையோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.