ஒரே லேப்டாப், தனித்தனித் தட்டு

அண்ணா, போன வாரம் ஐந்து ரோட்டில் என் அலுவலகத்துக்கு வந்தபோது நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள். பாப்பா குனிந்த தலை நிமிரவில்லை. பாதிப் பேச்சோடு எழுந்து போய்விட்டீர்கள், மீதியை எழுதுகிறேன்.

உங்கள் குறை இரண்டு. ஒன்று, உங்கள் பெண் சம்பளம் இல்லாமல் ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தும்படி யாரோ பொதுவில் வைத்த மென்பொருளுக்கு, ராத்திரி ஒரு மணி வரை வேலை செய்கிறது. இன்னொன்று, அந்த வேலையிலேயே லேப்டாப் படுத்துவிட்டது. கடைக்காரர் முழுசாக ஃபார்மட் போட்டார், டேலியில் இருந்த மூன்று மாதக் கணக்கும் போனது. இரண்டாவது குறை நியாயம்தான்.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் உபுண்டு என்ற இலவச இயங்குதளம். பாப்பா எடுத்துக்கொண்ட திட்டத்துக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. எங்கேயோ படித்ததை நம்பி, உபுண்டுவோடு வந்த பைத்தானுக்குப் பதிலாகப் புதியதை வைத்துவிட்டது. மறுநாள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலே திறக்கவில்லை. உபுண்டு தன் சொந்த வேலைகளுக்கே பைத்தானை நம்பியிருக்கிறது. மென்பொருள் நிறுவும் கருவிகளிலும், பல பதிப்புகளில் டெர்மினலைத் திறக்கும் சின்ன நிரலிலும்கூட அது இருக்கிறது. அடியில் இருந்த கல்லை உருவியதும் மேலே உள்ளது சரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவா வேண்டும்? இரண்டு கடைக்காரர்கள் கொடுத்த வெள்ளியை ஒரே மூசையில் போட்டு உருக்குவீர்களா? ஒருவருடையது டச், அதாவது தூய்மை, கூடுதல், இன்னொருவருடையது குறைவு. எடை போட்டு, சீட்டு எழுதி, தனித்தனித் தட்டில்தானே வைப்பீர்கள்? பாப்பாவுக்கு யாரும் தட்டைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாவைத் திட்டும் தகுதி எனக்கும் இல்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வேலைக்காக எல்லாருக்கும் பொதுவான சர்வரில் ஒரு லைப்ரரியை, அதாவது பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடை, புதுப்பித்தேன். பக்கத்து டீமின் நிரல் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு. ஞாயிறு வரை வீட்டுக்குப் போகவில்லை.

இனி பாப்பாவுக்கு.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தட்டு. பைத்தானுக்கு வென்வ் போதும், ஒரு திட்டத்தின் லைப்ரரிகளைத் தனியாக வைக்கும் கருவி அது. 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அது பைத்தானின் ஒரு பகுதி. உபுண்டுவில் மட்டும் அதற்கென்று ஒரு சிறு பேக்கேஜைத் தனியாக நிறுவச் சொல்லலாம். திட்டத்தின் ஃபோல்டருக்குள் ஒன்றை உருவாக்கி ஆக்டிவேட் செய்தால், டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் தெரியும். அந்தப் பெயரைப் பார்க்காமல் லைப்ரரிகளை இறக்கும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை அடிக்காதே. கெட்டுப்போனால் அந்த வென்வ் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு, இரண்டு நிமிட வேலை. அந்த ஃபோல்டரை, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்றிவிடாதே. வேறு பைத்தான் பதிப்பு வேண்டுமென்றால் யுவி அல்லது பைஎன்வ் என்ற கருவி உன் கணக்குக்குள்ளேயே தனியாக நிறுவித் தரும், உபுண்டுவின் பைத்தான் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோடில் லைப்ரரிகள் எப்படியும் திட்டத்தின் ஃபோல்டரில்தான் இறங்கும். நோடின் பதிப்பை மாற்ற மட்டும் என்விஎம் என்ற கருவி.

2023-இல் வந்த உபுண்டு 23.04, அதைப் போன்ற இன்னொரு இயங்குதளமான டெபியன் 12 முதல், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் எதையும் போட மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியிலேயே தடையைத் தாண்ட ஒரு வழியும் இருக்கும்: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயரிலேயே 'உடைத்துவிடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அப்படியும் நம் பிள்ளைகள் அதைக் காப்பி செய்து ஒட்டுகிறார்கள்!

திட்டத்தை உன் கணக்கில் நகலெடுத்து (ஃபோர்க்), அதை லேப்டாப்பில் இறக்கியதும் (குளோன்) கோடில் கை வைக்காதே. முதலில், பங்களிப்பவர்களுக்கான விதிகள் இருக்கும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பைப் படி. அதில் சொன்னபடி தட்டைத் தயார் செய்து, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் திட்டத்தோடு வரும் சோதனை நிரல்களான டெஸ்ட்களை ஓட்டிப் பார். அப்போதே தோற்றால் பெரும்பாலும் கோளாறு உன் அமைப்பில்தான். எல்லாம் ஓடினால், பிறகு நீ மாற்றியதும் தோற்பது உன் மாற்றத்தால் என்று சந்தேகமில்லாமல் தெரியும். பராமரிப்பவர் 'எந்தப் பதிப்பில் ஓட்டினாய்?' என்று கேட்டால் பதிலும் கையில் இருக்கும்.

ஒன்றை மறக்காதே, வென்வ் பிரிப்பது லைப்ரரிகளை மட்டும்தான். அதற்குள் ஓடும் நிரல் நினைத்தால் உன் கணக்கிலிருந்து தொட முடிந்த எந்தக் கோப்பையும் படிக்கலாம். அப்பாவின் ஜிஎஸ்டி பில்லும் பாங்க் விவரமும் இருக்கும் லேப்டாப்பில் முன்பின் தெரியாதவர் எழுதிய கோடை ஓட்டுகிறாய். அதனால் உபுண்டுவில் விண்டோஸ் டிரைவை மவுண்ட் செய்யாதே, அதாவது இணைக்காதே. திட்ட வேலைக்கென்று சிஸ்டத்தையே மாற்றும் சூடோ உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு வைத்துக்கொள். டேட்டாபேஸ், சர்வர் என்று நாலைந்து துண்டுகள் சேர்ந்து ஓடும் திட்டம் என்றால், அவற்றை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர். இன்னும் கொஞ்சம் சுவர் எழும்பும். ஆனால் வீட்டு ஃபோல்டரை அப்படியே உள்ளே இணைத்துவிட்டால் சுவரில் நீயே கதவு வைத்த மாதிரி.

உன் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். டாக்கரோடு பிரவுசரையும் திறந்தால் திணறும். அந்த நாட்களில் இணையம் வழியாக வேறு இயந்திரத்தில் வேலை செய்யவிடும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸை எடுத்துக்கொள். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம், இரண்டு கோர் இயந்திரத்தில் 60 மணி நேரம். வேலை முடிந்ததும் நிறுத்திவிடு.

முதல் திட்டமாகப் பெரிய பெயரைத் தேடாதே. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரியைப் பார். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. இந்த மாதிரி இடங்களில் நீ படித்த தமிழே கை கொடுக்கும்.

அண்ணா, சம்பளக் கேள்விக்கு வருகிறேன். இதைச் செய்தால் வேலை கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இன்டர்வியூவில் 'என்ன செய்தாய்?' என்றால் காட்டுவதற்குப் பொதுவில் ஒன்று இருக்கும். யார் என்ன தவறைச் சுட்டிக்காட்டினார்கள், எப்படித் திருத்தினாள் என்பது உட்பட. பணமும் ஒரேயடியாக இல்லாமல் இல்லை. 2005 முதல், புதியவர்களை ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் சேர்த்துவிடும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் நடக்கிறது, 18 வயது முடிந்த மாணவர்களும் ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம், தேர்வானவர்களுக்கு உதவித்தொகை உண்டு. வழக்கமாக மார்ச், ஏப்ரலில் விண்ணப்பம். அதற்குப் பல மாதம் முன்பே ஒரு திட்டத்தில் பழகியவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இப்போதைக்குப் புது லேப்டாப் வாங்க வேண்டாம். ரேமுக்கு இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா என்று கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை லேப்டாப்போடு அனுப்புங்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரியே டேலி பேக்கப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, பட்டறை பீரோவில் பூட்டிவிடுங்கள்.