எங்கள் கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் இன்னும் பழைய ஐஎஸ் (இந்தியத் தரநிலை) பதிப்புகளே இருக்கின்றன. மாற்றுவதற்கு நிர்வாகத்தைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

ஃபெசிலிட்டி (கட்டடப் பராமரிப்பு) பொறுப்புக்குப் புதிதாக வந்து, முன்பிருந்தவர் விட்டுப்போன ஃபைலைப் புரட்டும்போது உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

2017. கோவை அவிநாசி சாலையில் ஆறு மாடிக் கட்டடம். தீயணைப்பான் ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) 'ஐஎஸ் 2190:1992 படி' என்றிருந்தது. தீயணைப்பான்களைப் பராமரிக்கும் முறையைச் சொல்லும் அந்தத் தரநிலையின் புதிய பதிப்பு 2010லேயே வந்துவிட்டது. நம்மவர்கள் வருடாவருடம் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எண்தானே, என்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். 2010 பதிப்பில் ஆயுள் வரம்பு இருந்தது. தண்ணீர், நுரை, பவுடர் ரகங்களுக்கு 10 ஆண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு 15. அதற்குமேல் எத்தனை ரீஃபில் செய்தாலும் செல்லாது. எங்கள் ஒப்பந்தத்திலோ ஆயுளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

விதி எண்ணெல்லாம் போட்டு மூன்று மெயில் அனுப்பினேன். "ஸ்டிக்கர் புதுசா இருக்கே சார்" என்று அட்மின் ஹெட் ஒரே வரியில் முடித்துவிட்டார். சரி என்று இரண்டாம் மாடியில் இருந்த ஒரு பவுடர் சிலிண்டரை அவர் அறைக்கே தூக்கிக்கொண்டு போனேன். மேலே நாலைந்து கோட் சிவப்பு பெயிண்ட். ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டினால், அடியில் ஐஎஸ் 2171 என்ற, பவுடர் தீயணைப்பானுக்கான பழைய தரநிலையின் முத்திரையும் 2003 என்ற ஆண்டும். வெண்டர் பையனைக் கூப்பிட்டேன். "போன மாசந்தாங்ண்ணா ரீஃபில் பண்ணுனோம்" என்றான். பவுடரை வெளியே தள்ளும் கேஸ் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு மூடியைத் திறக்கச் சொன்னேன். கோலமாவு மாதிரி உதிர வேண்டிய பவுடர், மழையில் நனைந்து காய்ந்த சிமெண்ட் மூட்டையாக இருந்தது. கவிழ்த்துத் தட்டியும் விழவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன்தான்.

மொத்தம் 42 சிலிண்டர். அந்த வாரமே 31ஐ ஒதுக்கி, ஐஎஸ் 15683 (தீயணைப்பான் தயாரிப்புக்கான புதிய தரநிலை) முத்திரையுள்ள புதியவை வாங்க ஒப்புதல் கிடைத்தது.

வெண்டர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். "பழைய தரநிலை என்றால் மோசமா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இல்லை. ஆனால் திருத்தம் வந்தபிறகும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது சோம்பேறித்தனம். பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்தால் இந்தியத் தரநிலைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், காசு என்ற சாக்கும் இல்லை.

ஒப்பந்தத்தில் ஆண்டைக் குறிப்பிடாமல் 'திருத்தங்கள் உட்பட நடப்பிலுள்ள பதிப்பு' என்று எழுதுங்கள். நடுவில் புதுப் பதிப்பு வந்தால் கூடுதல் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை, அடுத்த வருடம் பில்லில் அடிபட்டேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஏசி குளிரவில்லை, டாய்லெட் அடைத்துக்கொண்டது என்றால்தான் எங்கள் நினைவே வரும். அடுத்த மார்ச்சில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். 'தீ பாதுகாப்பில் சிறந்த முயற்சி' என்று மேடையில் ஹாட்பாக்ஸ் வாங்கியவர், என் கொள்முதல் கோரிக்கையை இரண்டு முறை திருப்பி அனுப்பிய அக்கவுண்ட்ஸ் மேனேஜர். நாற்காலி போட்டது என் ஆட்கள்.