ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும் பொம்மை) காரில் கியர் விகிதம் என்றால் என்ன? எத்தனை பல் பினியன் போடுவது?

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரியது ஸ்பர். ஸ்பரில் 80 பல், பினியனில் 20 என்றால் விகிதம் 4: மோட்டார் நாலு சுற்று சுற்றினால் ஸ்பர் ஒரு சுற்று. பினியனில் பல் கூடினால் உச்ச வேகம் ஏறும், பிக்கப் குறையும். கடினமான கியரில் சைக்கிள் மிதித்து மேம்பாலம் ஏறுவது மாதிரி மோட்டார் திணறும். கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும்.

கடலூர் சில்வர் பீச் மணலில் ஓட்டுவதானால், தார் ரோட்டுக்குப் போட்டதில் 2 பல் குறைத்துத் தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டியதும் மோட்டார் உறையின் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இன்னும் ஒரு பல் குறைக்க வேண்டும். (சித்திரை வெயிலில் இதைத் தவறவே விடாதீர்கள்.) பினியன் மாற்றும்போது இரு பல்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து மோட்டாரை இறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். இடைவெளி அதிகமானால் ஸ்பர் பல் உதிரும்.

பெரிய பினியன் என்றாலே வேகம் என்று பலர் நினைப்பது தவறு: வளைவு மிகுந்த சின்னத் தடத்தில் கார் உச்ச வேகத்தைத் தொடுமுன்பே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், சின்ன பினியன்தான் முந்தும்.